சின்ன டி

எங்கள் சட்டக் கல்லூரியில் யாரிடம் படிக்க வேண்டும் என்பதை மாணவரின் அறிவு தீர்மானிப்பதில்லை, ஆசையும் தீர்மானிப்பதில்லை. குடும்பப் பெயரின் முதல் எழுத்துதான் தீர்மானிக்கிறது. ஏ முதல் எல் வரை ஒரு பேராசிரியர், எம் முதல் இசட் வரை இன்னொருவர். இத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் எந்தக் காலத்திலோ யாரோ காய்கறி பிரிப்பது போல் பிரித்து வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதையே விதி என்று அச்சடித்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். எழுத்து மாறிப் போய்ப் பரீட்சைக்கு உட்கார்ந்தால் அந்தப் பரீட்சை செல்லாது.

சிவில் சட்டத்துக்கு ஏ முதல் எல் வரை ரஸ்பினி அம்மா. கேள்வி கேட்பார், பதில் வரும் வரை காத்திருப்பார், வந்த பதிலைக் காதில் வாங்குவார். பேராசிரியர்களில் இது அபூர்வம். எம் முதல் இசட் வரை ஒட்டாவியோ டெ மார்சானிஸ். அவர் பதிலின் முதல் சில சொற்களைக் கேட்பார், கூரையைப் பார்ப்பார், "அடுத்த தடவை வாங்க" என்பார். எம்மில் தொடங்கும் பெயரோடு பிறந்தவர்கள் நரைக்கும் வரை அடுத்த தடவை வந்துகொண்டிருந்தார்கள். மோச்சா என்று ஒருவன் அம்மாவின் குடும்பப் பெயருக்கு மாறிக்கொள்ள வழக்குப் போடலாமா என்று விசாரித்தான். அதற்கும் சிவில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்றதும் விட்டுவிட்டான்.

நான் எர்சீலியா டெ சாந்தோலோ. முதல் எழுத்து டி. சந்தோஷமாக ரஸ்பினி அம்மாவிடம் போனேன், முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கினேன், கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஏனென்றால் இன்னொரு விதி இருக்கிறது. சிவில் சட்டம் தேறாமல் சிவில் நடைமுறைக்குப் போகக் கூடாது, வணிகச் சட்டத்துக்குப் போகக் கூடாது, குடும்பச் சட்டத்துக்குப் போகக் கூடாது. போய்த் தேறியிருந்தாலும் கீழே உள்ளது செல்லாவிட்டால் மேலே உள்ளது அத்தனையும் செல்லாது. சொந்தமாக யோசித்தே வருஷக்கணக்காகிவிட்ட மனிதர்கள், நாங்கள் எதை முதலில் யோசிக்க வேண்டும், எதை அப்புறம் யோசிக்க வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலையில் பட்டம் வாங்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. பழைய நீதிமன்றத்துக்கு எதிரே அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல் ஸ்குவேலியா அம்மா, செப்டம்பர் முதல் என்னைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நேப்பிள்ஸில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாமல் வக்கீல் அலுவலகத்துக்குள் நுழைவது நடக்காத காரியம். அந்த அம்மா தெளிவாகவே சொல்லிவிட்டார்: "ஜூலைல பட்டத்தோட வந்தா நாற்காலி உனக்கு. இல்லன்னா என் நாத்தனார் பையன் காத்துக்கிட்டு இருக்கான், அவன் ஒரு முட்டாள், ஆனா நாத்தனார் வாய எவ்வளவு நாள் அடைக்கறது?" ஜூலை தவறினால் எனக்கு இன்னொரு நாற்காலி இந்த ஊரில் கிடையாது. என் அப்பாவோ பட்டமளிப்புக்குக் கொடுக்கிற சிவப்புச் சர்க்கரைப் பாதாமுக்கு அப்போதே சொல்லி வைத்து, தெரு முழுக்க அழைத்தும் முடித்திருந்தார்.

மே மாதம் பட்டத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் தித்தீனா அக்கா. மாணவர்களின் கணக்கைப் பார்க்கும் எழுத்தர். அவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கணினியைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ பிரபு வீட்டுப் பொண்ணா?"

"எங்கப்பா மார்க்கெட் முனையில பீட்சா பொரிக்கிறாருக்கா."

"அது நீ சொல்ற. இது வேற சொல்லுது." திரையை என் பக்கம் திருப்பினார். "பாரு. சின்ன டி போட்டிருக்கு."

எங்கள் விதியின் அழகு இங்கேதான். டெ, லோ, லா போன்ற ஒட்டுகளும் பெயரில் சேர்த்தி; டெ சாந்தோலோ என்றால் டி. ஆனால் பிரபு வம்சத்தார் தங்கள் பெயரில் வரும் டெயைச் சின்ன எழுத்தில் எழுதுவார்கள். அந்த ஒட்டை எண்ணக் கூடாது, அடுத்து வரும் பெயரைத்தான் எண்ண வேண்டும். இந்த விலக்கைக் கல்லூரிக் குழுவில் போராடிச் சேர்த்தவர் சாட்சாத் டெ மார்சானிஸ்தான். அவருடைய டி சின்ன டி. ஒருமுறை ஒரு கருத்தரங்கு அழைப்பிதழில் அதைப் பெரிதாக அச்சடித்துவிட்டார்கள் என்று அத்தனை அழைப்பிதழையும் திரும்ப வாங்கிக் கிழிக்கச் சொன்ன மனிதர். பிரபுப் பட்டங்களுக்கு இந்த நாட்டில் மதிப்பு இல்லை என்று அரசியல் சாசனத்தின் கடைசியில் எழுதியிருக்கிறது. அதை எங்களுக்கு முதல் வருஷத்திலேயே மனப்பாடம் செய்ய வைத்ததும் இதே கல்லூரிதான்.

"புது கம்ப்யூட்டருக்கு மாத்தறப்ப யாரோ தூங்கிக்கிட்டே அடிச்சிருக்காங்கக்கா. பெரிசாக்கிடுங்க."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. சின்ன டின்னா நீ எஸ். எஸ்ஸுன்னா நீ டெ மார்சானிஸ் சார்கிட்ட போயிருக்கணும். ரஸ்பினி அம்மாகிட்ட போனது செல்லாதுங்குது இது."

"அப்ப சிவில் சட்டம்?"

"போச்சு."

"நடைமுறை?"

"அதுவும் போச்சு. வணிகம், குடும்பம், அதுக்கு மேல இருக்கறது எல்லாம் போச்சு. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு வருது." அவருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. "பொறந்த சர்டிபிகேட் கொண்டா. அதுல பெரிய டி இருந்தா குழுவுக்கு அனுப்பி மாத்திடலாம்."

அன்று மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியில் மாவு உப்பிக்கொண்டிருந்தது. அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பிரபுன்னா எந்த அளவு? மாளிகை உண்டா?"

"அப்பா, எனக்கு வயிறு எரியுது. வெளையாடாதீங்க."

"நான் வெளையாடல கண்ணு. மாளிகை இருந்தா வாடகைக்கு விட்டுட்டு உக்காரலாமேன்னு பாத்தேன்." வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "கேட்டீங்களா, இனிமே குனிஞ்சுதான் வாங்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, என்னோடு நகராட்சிக்கு வந்தார்.

நகராட்சி கொடுத்த சான்றிதழில் என் பெயர் இருந்தது. முழுவதும் பெரிய எழுத்தில். டி மட்டும் அல்ல, பெயர், ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், எல்லாமே பெரிய எழுத்து. தாத்தாவின் பழைய பதிவைக் கேட்டோம். அதுவும் பெரிய எழுத்து. இந்த நகரத்தில் பிறந்த ஒவ்வொருவரையும் பெரிய எழுத்தில்தான் பதிவார்கள் என்று அங்கிருந்த ஆள் பெருமையாகச் சொன்னார். ஆக, நான் பிரபுவா இல்லையா என்று அரசாங்கத்துக்கே தெரியாது.

ஜூன் முதல் வாரத்தில் கல்லூரிக் குழு கூடியது. என் விஷயம் கடைசிப் பொருள். நீள மேஜையின் வால் பக்கத்தில் ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். முதல்வர் ஃபெர்ரிட்டோ, சாப்பாட்டு நேரம் நெருங்குவதைக் கடிகாரத்திலும் வயிற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். ரஸ்பினி அம்மா வரவில்லை. அந்த வருஷம் அவர் வெளிநாட்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நல்லவர்களுக்கு எப்போதும் வேறு எங்கேயாவது வேலை வந்துவிடுகிறது.

என் சான்றிதழ் கைமாறிக் கைமாறிப் போனது. நாட்டின் சட்ட அறிவு மொத்தமும் அந்த மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பதாக அவர்களுக்கு நினைப்பு. ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ரோமானியச் சட்டம் நடத்துகிறவர் லத்தீனில் ஏதோ சொல்லிவிட்டு, தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். இன்னொருவர், சந்தேகம் வந்தால் மாணவருக்குச் சாதகமாக முடிவு செய்ய வேண்டும் என்றார். எது சாதகம், பிரபுவாக இருப்பதா இல்லாமல் இருப்பதா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அதற்கு நிஜமாகவே விவாதம் நடந்தது. வளர்ந்த மனிதர்கள், மூக்குக் கண்ணாடி போட்டவர்கள், நீதிபதிகளே எழுந்து நின்று வணக்கம் சொல்கிற ஆட்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இவர்களிடமா ஐந்து வருஷம் பயந்தேன் என்று வெட்கப்பட்டேன்.

டெ மார்சானிஸ் கடைசியில் வாயைத் திறந்தார். வெள்ளை மீசை, விரலில் குடும்ப முத்திரை மோதிரம்.

"பெரிசா சின்னதாங்கறது வெறும் எழுத்து இல்ல. அது ஒரு குடும்பத்தோட வரலாறு. கம்ப்யூட்டர்ல ஒருத்தர் நெனச்சா குடுக்கறதும் நெனச்சா எடுக்கறதும் முடியாது."

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன்.

"கேளும்மா."

"உங்க சர்டிபிகேட்டும் இதே நகராட்சியில குடுத்ததுதானே? அதுலயும் எல்லாம் பெரிய எழுத்தாத்தானே இருக்கும்?"

மேஜையில் சில தலைகள் குனிந்தன. அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார்.

"என் விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சது."

"எங்கப்பா விஷயமும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் சார். மார்க்கெட்டுல யாரக் கேட்டாலும் சொல்வாங்க. சாயங்காலம் ஆனா அவரு சட்டையில வர்ற வாசனையே சொல்லும்."

முதல்வர் கையைத் தூக்கினார். "சரி சரி. பசி நேரத்துல எதுக்கு இதெல்லாம். ஒரே ஒரு வாக்குமூலம் வாங்கிட்டா முடிஞ்சுது. நான் பிரபு இல்லைன்னு பொண்ணே எழுதிக் குடுக்கட்டும். பெரிய டி ஆக்கிடலாம், பரீட்சை செல்லும், ஜூலைல பட்டம். என்ன ஒட்டாவியோ?"

"தாராளமா" என்றார் டெ மார்சானிஸ். "வாசகத்த நான் சொல்றேன்."

சொன்னார். செயலாளர் எழுதினார். எழுதிய தாள் மேஜை நெடுக நகர்ந்து என்னிடம் வந்தது. கூடவே ஒரு பேனாவும் வந்தது.

கையெழுத்துப் போடும் எண்ணத்தோடுதான் பேனாவை எடுத்தேன். இவர்களுக்கு வேண்டியது ஒரு தாள், எனக்கு வேண்டியது ஜூலை. பீட்சா பொரிப்பவரின் மகள் என்று எழுதிக் கொடுப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. ஆனால் படித்துப் பார்த்தேன். 'கீழே கையெழுத்திடும் நான், என் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும், எந்த வழியிலும், பிரபு ரத்தம் கலந்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று இருந்தது. ரத்தம் என்று எழுதியிருந்தார்கள். எந்தத் தலைமுறையிலும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு எழுத்தர் தூக்கக் கலக்கத்தில் தட்டிய எழுத்துக்கு, என் பரம்பரை முழுவதையும் வரிசையாக நிற்க வைத்து, நாங்கள் கீழானவர்கள் என்று சொல்லச் சொல்கிறார்கள். எனக்குக் காது வரை சுட்டது.

பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டேன்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"ஏம்மா, பட்டம் வேணாமா?" என்றார் முதல்வர்.

"வேணும் சார். அதனாலதான் சொல்றேன். தெரியாத விஷயத்தத் தெரியும்னு அதிகாரிங்ககிட்ட எழுதிக் குடுத்தா அது பொய் வாக்குமூலம். கேசு ஆகும். அப்புறம் நான் எங்க வக்கீலாகறது?"

"இதுல தெரியாத விஷயம் எது?" டெ மார்சானிஸ் கேட்டார்.

"ரத்தம் சார். எங்க பாட்டியோட பாட்டிங்க எல்லாம் எங்க சந்துல துணி தொவச்சுப் பொழச்சவங்க. இருட்டினா உங்கள மாதிரி வீட்டு ஆம்பளைங்க அந்தப் பக்கம் வருவாங்க. எதுக்கு வந்தாங்கன்னு இந்த ஊருக்கே தெரியும். வந்தவங்க பேரு எழுதி வச்சுட்டா போனாங்க? பெரிய எழுத்துலயும் எழுதல, சின்ன எழுத்துலயும் எழுதல. எங்க ரத்தத்துல உங்க ரத்தம் இல்லவே இல்லன்னு நான் எப்படிச் சத்தியம் பண்ண முடியும்? உங்க தாத்தா, அவரு அப்பா, யாரும் எங்க பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லன்னு நீங்க மொதல்ல கையெழுத்துப் போடுங்க. கீழயே நானும் போட்டுடறேன்."

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ரோமானியச் சட்டக்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப ஆர்வமாகப் பார்த்தார். டெ மார்சானிஸின் முகத்தில் ரத்தமே இல்லை. கெட்டது குடி, ஜூலை போயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

முதல்வர்தான் முதலில் அசைந்தார். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் நான் மேஜையைச் சுற்றி ஒவ்வொருவர் தாத்தாவையும் இழுத்துவிடுவேன் என்று பயந்திருப்பார்.

"தட்டச்சுப் பிழை" என்றார் வேகமாக. "எழுதிக்கோங்க. அலுவலகத்துல நடந்த தட்டச்சுப் பிழை. திருத்தறோம். எம்முலேர்ந்து இசட் வரைக்கும் பாக்கற பேராசிரியர் தனக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடணும், அது நடைமுறை, அவ்வளவுதான். கூட்டம் முடிஞ்சுது."

நாற்காலிகள் அவசரமாக நகர்ந்தன. கற்றோர் சபை சாப்பிடப் போயிற்று. செயலாளர் திருத்த உத்தரவை என் கையில் கொடுத்து, "கையெழுத்து வாங்கிட்டு ஜன்னல்ல குடுத்துடு. இன்னிக்கே குடு, நாளையோட விண்ணப்பம் மூடறாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போடுவாருன்னு எனக்குத் தோணல" என்று சேர்த்துச் சொன்னார்.

டெ மார்சானிஸ் வராந்தாவின் கோடியில், பளிங்குச் சிலைகளில் ஒன்றின் அருகே நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நிற்கிறார் என்று தெரிந்தது. திட்டுவார், அல்லது தாளைக் கிழிப்பார் என்று நினைத்துக்கொண்டே போய், நீட்டினேன். வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை. பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தச் சந்து?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "சார்?"

"நீங்க உள்ள சொன்னது. உங்க குடும்பம் பரம்பரையா இருந்த சந்து. எது அது?" அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாகக் கேட்டார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

கூட்டத்தில் இருந்த மனிதர் இல்லை இவர். கூரையைப் பார்த்து எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பிய கண்கள் என் நெற்றியை, மூக்கை, தாடையை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போயின. என் முகத்தில் எதையோ தேடுகிறார் என்று புரிந்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. வாய்க்கு வந்த சந்து ஒன்றைச் சொல்லி இவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம். ஆனால் பேனா அவர் கையில் இருந்தது, ஜூலை அந்தப் பேனாவில் இருந்தது. உள்ளதைச் சொன்னேன்.

"கல்தூண் சந்து சார். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி."

"கல்தூண் சந்து." ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். மூச்சு வெளியே வந்தது, முகத்துக்கு நிறம் திரும்பியது, தோள்கள் பழையபடி நிமிர்ந்தன. "ஓ. அப்ப அந்தச் சந்து இல்ல."

தாளைச் சிலையின் பீடத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, தாளை இரண்டு விரலால் என்னிடம் நீட்டி, "ஜூலைல நல்லபடியா முடிங்க" என்று வாழ்த்தினார். நானும் மரியாதையாக நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, தித்தீனா அக்கா ஜன்னலைச் சாத்துவதற்குள் படிகளில் இறங்கி ஓடினேன்.